அட்லாண்டாவில் நாலு நாள்: பசங்களோடு போகும்போது போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் இருக்கும் நம்மாட்களிடம் பள்ளி விடுமுறை நெருங்கும்போது தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "நாலு நாள் அட்லாண்டா போறோம், பசங்களுக்கு என்ன காட்டலாம்?" பதிலும் எப்போதும் ஒரே பட்டியல்தான். அக்வேரியம், கோக், ஜூ, ஸ்டோன் மவுண்டன்.

பட்டியலில் தப்பில்லை. ஆனால் பட்டியல் வேறு, திட்டம் வேறு. எந்த இடத்தை எந்த நேரத்தில், எதற்குப் பிறகு பார்ப்பது என்பதில்தான் பயணம் இனிமையாவதும் அழுகையில் முடிவதும் இருக்கிறது. அதற்கான கணக்கு இந்தக் குறிப்பின் முதல் பாதி. "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று போடும் பட்டியல்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு தெரு இருக்கிறது. அதை ஏன் சேர்க்கணும், எப்படிக் காட்டணும் என்பது இரண்டாம் பாதி.

எங்கள் நிலவரம்: மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, அம்மா. நானும் மனைவியும். ஆக ஆறு பேர். ஷார்லட்டிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையில் காரில் போனோம், ஏறக்குறைய நாலு மணி நேரம். உங்கள் வீட்டு நிலவரம் வேறாக இருக்கலாம், கணக்கு போடும் முறை மாறாது.

அரை நாள்தான் அளவு

பெரியவர்கள் திட்டம் போடும்போது ஒரு நாளை மணிக்கணக்கில் வெட்டுகிறோம். பத்து மணிக்கு இது, ஒரு மணிக்கு அது, நாலு மணிக்கு இன்னொன்று. நாலு வயசுப் பையனுக்கு மணி கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி, அவ்வளவுதான். எழுபதைத் தொட்ட தாத்தா பாட்டிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

அதனால் நான் அரை நாளை அளவாக வைத்துக்கொள்கிறேன். நாலு நாள் என்றால் எட்டு அரை நாள். வந்து சேரவும் திரும்பவும் இரண்டு போய்விடும். மிச்சம் ஆறில் ஒன்றை எதுவும் திட்டமிடாமல் காலியாக விடணும். ஆக கையில் இருப்பது ஐந்து. ஒரு அரை நாளுக்கு ஒரு பெரிய இடம். இந்த ஐந்து என்ற எண்ணைப் பேப்பரில் எழுதிவிட்டு அப்புறம் பட்டியலைக் கையில் எடுத்தால், எதை விடுவது என்ற பேச்சு வீட்டிலேயே முடிந்துவிடும். ஊர் தெரியாத இடத்தில், வெயிலில், பசியோடு அந்தப் பேச்சு வரக் கூடாது.

பல இடங்களைச் சேர்த்து விற்கும் சிட்டிபாஸ் மாதிரியான சீட்டு வாங்கும் முன்பும் இதே கணக்கைப் பாருங்க. நிஜமாகப் போகப்போகும் இடங்களின் தனித்தனி விலையைக் கூட்டி ஒப்பிடணும். "பாஸ்ல இன்னொரு இடம் மிச்சம் இருக்கே" என்று கடைசி நாள் சாயங்காலம் ஒன்றை நுழைப்பதுதான் பசங்க தரையில் உட்கார்ந்து அழுவதற்கு நேர்வழி.

எப்போது போவது

ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 32 டிகிரி செல்சியஸ். சென்னைக்காரருக்கு இது ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் ஈரப்பதமும் சேரும். பிற்பகலில் இடி மழையும் அடிக்கடி வரும். ஆகவே கோடையில் போனால் திறந்தவெளி காலையில், கூரை உள்ள இடம் மதியம். இந்த ஒரு விதியே பாதித் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் ஊரே பூத்துக் கிடக்கும், பார்க்க அழகு. கூடவே பைன் மரங்களின் மகரந்தம் கார் கண்ணாடியில் மஞ்சள் பொடியாகப் படியும். இழுப்போ தும்மலோ உள்ள குழந்தை இருந்தால் அந்த வாரங்களைத் தவிர்க்கலாம், இல்லையென்றால் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளணும். அட்லாண்டாப் பக்கத்துப் பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடுகின்றன. உங்கள் பள்ளி இன்னும் திறக்கவில்லை என்றால், ஆகஸ்ட் நடுவில் வார நாட்களில் போனால் கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் அக்டோபர்தான் நல்ல மாதம்.

ஊரை நாலு துண்டாகப் பிரிப்பது

அட்லாண்டாவின் போக்குவரத்து நெரிசல் பேர்போனது. போதாக்குறைக்கு பீச்ட்ரீ என்ற பெயரில் டஜன் கணக்கில் தெருக்கள். முகவரியில் அது ஸ்ட்ரீட்டா, அவென்யூவா, சென்டரா என்று முழுசாகப் பாருங்க. ஒரே நாளில் ஊரின் ஒரு துண்டை விட்டு இன்னொரு துண்டுக்குத் தாவக் கூடாது என்பது என் விதி.

நடு ஊர்: ஜார்ஜியா அக்வேரியம், வேர்ல்ட் ஆஃப் கோக-கோலா, மனித உரிமை மையம், குழந்தைகள் அருங்காட்சியகம், 1996 ஒலிம்பிக்கை ஒட்டி அமைத்த சென்டெனியல் ஒலிம்பிக் பூங்கா. எல்லாம் நடக்கும் தூரம்.

மிட்டவுன்: பொம்மலாட்ட மையம், பீட்மாண்ட் பூங்கா, தாவரவியல் பூங்கா.

கிழக்கு: ஆபர்ன் அவென்யூ, பெல்ட்லைன் நடைபாதை, மிருகக்காட்சிச்சாலை. கொஞ்சம் தள்ளி ஃபெர்ன்பேங்க் அருங்காட்சியகம்.

வெளியே: ஸ்டோன் மவுண்டன், டிக்கேட்டர்.

விமானத்தில் வருபவர்களுக்குக் கார் கட்டாயமில்லை. மார்ட்டா ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, நடு ஊருக்கு இருபது நிமிஷம்தான். 46 அங்குலத்துக்கு உட்பட்ட குழந்தைகள், காசு கொடுத்து ஏறும் ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வரை, இலவசம். பீச்ட்ரீ சென்டர் நிலையம் பாறையைக் குடைந்து தரைக்குக் கீழே 120 அடியில் கட்டியது. சுவரில் குடைந்த பாறை அப்படியே தெரியும். அதன் நகரும் படிக்கட்டு கிட்டத்தட்ட 190 அடி நீளம். என் பையனுக்கு நாலு நாள் பயணத்தில் ரொம்பப் பிடித்த ஐந்து விஷயங்களில் அந்தப் படிக்கட்டும் ஒன்று. தள்ளுவண்டி வைத்திருந்தால் லிஃப்டைத் தேடிக்கொள்ளுங்க.

எந்த இடம் யாருக்கு

*ஜார்ஜியா அக்வேரியம்.* 2005 நவம்பரில் திறந்தது. ஹோம் டிப்போவை நிறுவியவர்களில் ஒருவரான பெர்னி மார்கஸ் கொடுத்த 25 கோடி டாலரில் எழுந்தது. திறந்தபோது உலகிலேயே பெரிது. அதன் பெரிய தொட்டி 63 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 2.4 கோடி லிட்டர். அதில் திமிங்கலச் சுறா நீந்துகிறது. மீன்களிலேயே பெரிய இனம், ஆனால் உணவு மிதவை நுண்ணுயிரும் சின்ன மீன்களும்தான்.

இங்கே எல்லாரும் முதல் கூடத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போகிறார்கள். பெரிய தொட்டிக்கு வரும்போது பசங்க களைத்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யலாம். திறக்கும் நேரத்துக்குப் போய், நேராகப் பெரிய தொட்டிக்கு. 61 அடி அகலக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடணும். எங்கள் அம்மா அங்கே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், நாலு வயசுக்காரனும் மடியில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கிடைத்த வரைக்கும். சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டியே பதிவு செய்தால் நல்லது.

*வேர்ல்ட் ஆஃப் கோக-கோலா.* 1886-ல் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்துக் கலவைக்காரர் இந்த ஊரில் உருவாக்கிய பானத்துக்கு ஒரு கோயில் மாதிரி. பல நாட்டுப் பானங்களைக் குடித்துப் பார்க்கும் அறைக்காகத்தான் பசங்க வருகிறார்கள். சாயங்காலம் கூட்டிப் போனால் ராத்திரி பதினொரு மணி வரை தூங்க மாட்டார்கள். நேரம் இல்லையென்றால் விட வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது என் கருத்து.

*பொம்மலாட்ட மையம்.* ஆறு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் இது அக்வேரியத்துக்குச் சமம். 1978-ல் ஜிம் ஹென்சனும் அவருடைய கெர்மிட் தவளையும் ரிப்பன் வெட்டித் திறந்த இடம். ஹென்சன் உருவாக்கிய மப்பெட் பொம்மைகளும், உலகின் பல பாகங்களின் பொம்மைகளும் இருக்கின்றன. ஆட்டம் பார்த்துவிட்டு ஒரு பொம்மையைத் தானே செய்து கையோடு எடுத்து வரலாம். நம்ம ஊர்த் தோல்பாவைக் கூத்தைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் இங்கே அவர்கள்தான் வழிகாட்டி. நாங்கள் சும்மா பின்னால் நடந்தோம்.

*ஃபெர்ன்பேங்க்.* கூடத்தில் அர்ஜென்டினோசாரஸ் எலும்புக்கூடு நிற்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே குனியுங்க. தரையில் பதித்திருப்பது ஜெர்மனியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல், அதில் தொல்லுயிர்ப் படிவங்கள் கல்லோடு கல்லாக இருக்கின்றன. "யார் அதிகம் கண்டுபிடிக்கிறீங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டால் அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

*மிருகக்காட்சிச்சாலை.* பழைய வழிகாட்டிகள் எல்லாம் பாண்டாக் கரடியைச் சொல்லும். அவை 2024 அக்டோபரில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. பசங்களிடம் பாண்டா என்று வாக்குக் கொடுத்துவிடாதீங்க. கொரில்லாக் கூட்டம் இருக்கிறது, அது போதும்.

*பெல்ட்லைன்.* ஊரைச் சுற்றிக் கிடந்த பழைய ரயில் தடங்களை 22 மைல் வளையமாக மாற்றும் திட்டம். ரையன் கிராவெல் என்ற மாணவர் 1999-ல் ஜார்ஜியா டெக்கில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. கிழக்குத் தடத்தில் தள்ளுவண்டி சுலபமாக உருளும். பக்கத்திலேயே ஃபோர்த் வார்டு பூங்காவில் விளையாட்டு இடம் இருக்கிறது. காலியாக விட்ட அரை நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, காசும் கிடையாது.

பட்டியலில் விட்டுப்போகும் தெரு

ஆபர்ன் அவென்யூ. மார்ட்டின் லூதர் கிங் 1929 ஜனவரி 15 அன்று பிறந்த வீடு, அவரும் அவர் அப்பாவும் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயம், அவரும் மனைவி கொரெட்டாவும் அடக்கமான இடம், மூன்றும் இந்த ஒரே தெருவில். தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது, அனுமதி இலவசம்.

"பசங்களுக்கு எதுக்கு இந்தச் சோகமெல்லாம், விடுமுறைக்கு வந்த இடத்துல" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் பிள்ளைகள் வளர்வது இந்த மண்ணில். பள்ளியில் ஜனவரி மாதம் கிங் பெயரில் விடுமுறை விடுகிறார்கள், பிப்ரவரியில் கருப்பர் வரலாறு பாடம் வருகிறது. யாரோ ஒருவருடைய கதையாகக் காதில் விழும் விஷயத்தை, வீடும் தெருவுமாகக் காட்ட இதைவிட வாய்ப்பு இல்லை. நடு ஊரிலிருந்து ஸ்ட்ரீட்கார் என்ற சின்ன மின்வண்டி நேராக இங்கே வருகிறது. பையனுக்கு அந்த வண்டியே போதும்.

எப்படிக் காட்டுவது என்பதில்தான் வயசு பார்க்கணும். நடு ஊரில் உள்ள மனித உரிமை மையத்தில் ஓர் உணவகக் கவுண்டர் மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கைகளை மேசையில் வைத்து உட்கார்ந்தால், 1960-களில் உள்ளிருப்புப் போராட்டம் செய்த இளைஞர்கள் கேட்ட வசவும் மிரட்டலும் காதுக்குள் கேட்கும். பெரியவர்களே பாதியில் எழுந்துவிடுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயசுக்குக் கீழே அது வேண்டாம். ஆபர்ன் அவென்யூ அப்படியில்லை. திறந்த தெரு, நடந்துகொண்டே பேசலாம்.

நாலு வயசுக்கு: 1894-ல் கட்டிய தீயணைப்பு நிலையமும் அதிலுள்ள 1927-ம் வருஷத்து வண்டியும். தேவாலயத்துக்குள் அஞ்சு நிமிஷம் உட்காருவது. கல்லில் பதித்த தலைவர்களின் காலடித் தடங்களுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்து அளந்து பார்ப்பது. அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒன்பது வயசுக்கு: பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள். விடை கண்டுபிடித்து நிரப்பினால் ஒரு பட்டை. அந்த இயக்கத்தில் குழந்தைகள் செய்ததைச் சொல்லும் தனிப் பகுதியும் அங்கே உண்டு. கதையைத் தொடங்க நான் எடுத்துக்கொண்டது கிங்கே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கும் விஷயம். சின்ன வயசில் அவரோடு விளையாடிய வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். ஆறு வயசில் இருவரும் வேறு வேறு பள்ளிக்குப் போக வேண்டியதானது. பிறகு அந்தப் பையனின் அப்பா இனிமேல் சேர்ந்து விளையாடக் கூடாது என்று நிறுத்திவிட்டார். ஒன்பது வயசுக்கு இதைவிட எதையும் விளக்க வேண்டாம், இதிலேயே எல்லாம் இருக்கிறது.

நமக்கு இங்கே இன்னொரு வாசலும் இருக்கிறது. மையத்துக்கு வெளியே காந்தி சிலை நிற்கிறது. கிங் 1959 பிப்ரவரி, மார்ச்சில் ஏறக்குறைய ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார், கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் முன் தலைமை ஆசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்" என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்தபோது ஆமாம், நானும் அப்படித்தான் என்று தோன்றியது என்பதை 1965-ல் இதே எபனேசர் தேவாலயத்தில் சொன்னார்.

இதை மகளுக்குச் சொல்லி முடித்தபோது நாங்கள் கல்லறையைச் சுற்றியுள்ள நீர்க்குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தாத்தா, நம்ம ஊர்லயும் இப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. டீக்கடையில ரெண்டு விதமா டம்ளர் வெச்சிருப்பாங்க."

"உங்களுக்கு எந்த டம்ளர்?"

"நமக்கு உள்ள இருக்கிற டம்ளர். வெளிய தனியா வெச்சிருக்கிறது அவங்களுக்கு. குடிச்சிட்டு அவங்களே கழுவி வெக்கணும்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலைம்மா."

அப்பா இதை என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேச்சு அதற்குப் பிறகு வெகுநேரம் போனது. அன்று மதியத்துக்கு வேறு எந்த இடமும் குறிக்காமல் விட்டிருந்தோம். அரை நாள் கணக்குக்கு நான் கொடுக்கக்கூடிய பெரிய சிபாரிசு அதுதான்.

ஸ்டோன் மவுண்டன் பற்றி

சுற்றியுள்ள தரையிலிருந்து 825 அடி எழும் ஒற்றைக் கருங்கல் குன்று. ஏறும் பாதை ஒரு மைல், ஒன்பது வயசுக்காரி ஏறிவிட்டாள். மற்றவர்கள் கம்பிவண்டியில் மேலே போய்ச் சேர்ந்தார்கள். காலையிலேயே ஏறணும், மதியம் பாறை கொதிக்கும்.

ஆனால் முகப்பில் செதுக்கியிருப்பது யார் என்று பிள்ளை கேட்கும், பதிலோடு போங்க. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், தளபதிகள் லீ, ஜாக்சன். வேலை முடிந்தது 1972-ல், அதாவது கிங் கொல்லப்பட்டு நாலு வருஷம் கழித்து. கூ க்ளக்ஸ் கிளானை மறுபடி தொடங்கிய கூட்டம் 1915-ல் நடந்ததும் இந்தக் குன்றின் மேல்தான். ஆபர்ன் அவென்யூவுக்கு முந்தைய நாள் இங்கே வராதீங்க, அடுத்த நாள் வாங்க. அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இந்தச் சிற்பத்தை நாம் விளக்கத் தேவையில்லை, கேள்வியை அதுவே கேட்கும்.

கடைசியில் வந்த திட்டம்

முதல் நாள்: வந்து சேருவது. ஐ-85-ல் வந்தால் தென் கரோலினாவின் காஃப்னியில் பீச் பழம் மாதிரி கட்டிய தண்ணீர்த் தொட்டி தெரியும். "முதல்ல பாத்தவங்களுக்கு ஐஸ்கிரீம்" என்று சொன்னால் அதுவரை கார் அமைதி. சாயங்காலம் ஒலிம்பிக் பூங்காவில் ஓடட்டும்.

இரண்டாம் நாள்: காலை அக்வேரியம். மதியம் தூக்கம். எழுந்த பிறகு பொம்மலாட்டம், ஆட்ட நேரம் பார்த்துப் பதிவு செய்துவிட்டு.

மூன்றாம் நாள்: காலை ஆபர்ன் அவென்யூ. பிற்பகல் காலி. மனசு இருந்தால் பெல்ட்லைன்.

நாலாம் நாள்: காலை ஸ்டோன் மவுண்டன், மழை என்றால் அதற்குப் பதில் ஃபெர்ன்பேங்க். அப்படியே ஊருக்கு.

எண்ணிப் பாருங்க, கையிலிருந்த ஐந்து அரை நாளில் நாலைத்தான் செலவு செய்திருக்கிறோம். கடைசி நாள் காலையும் பயணத்தோடு சேர்ந்துவிட்டது. காய்ச்சல் வந்தாலோ இடி மழை பிடித்தாலோ அந்த மிச்சம் கை கொடுக்கும்.

சாப்பாடு: சின்ன சமையலறை உள்ள அறையாக எடுத்து, ரைஸ் குக்கரைக் காரில் போட்டுவிடுங்க. தயிர் சாதமும் ஊறுகாயும் இருந்தால் தாத்தா பாட்டியும் நாலு வயசும் ஒரே வேளையில் சமாளிக்கப்படுவார்கள். டிக்கேட்டரில் நம் மளிகைக் கடைகள் இருக்கின்றன. பெரியவர்கள் கோயில் கேட்டால் விமான நிலையத்துக்குத் தெற்கே ரிவர்டேலில் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது.

கிங் பிறந்த வீட்டைப் பராமரிப்புக்காக நீண்ட காலம் மூடியிருந்தார்கள். உள்ளே விடுகிறார்களா என்று கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் பக்கத்தில் பார்த்துவிடுங்க. மூடியிருந்தாலும் போங்க. தெரு திறந்துதான் இருக்கும்.